பூச்சிக்கு ஜாக்கெட் துணி

எப்சிபா நோட்டை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோனாள். பூச்சி அசையவில்லை. கொடியில் தொங்கவிட்ட வெள்ளை வேட்டியில் இறக்கைகளை விரித்து ஒட்டிக்கொண்டிருந்தது. நோட்டில் ஒட்டியிருந்த துணித்துண்டை இறக்கை ஓரத்துக்கு நேராகப் பிடித்தாள். இரண்டும் பச்சைதான். ஆனால் ஒரே பச்சை இல்லை.

"துணி டார்க்கா இருக்கேக்கா" என்றான் லிங்கேஷ்.

"வெயில் இன்னும் ஏறலை" என்றாள் ரிஸானா.

"பூச்சி மேலயும் அதே வெயில்தான், துணி மேலயும் அதே வெயில்தான்."

எப்சிபா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டாள். மறுபடியும் பார்த்தாள். பக்கங்களைப் புரட்டி வேறொரு துண்டுக்குப் போனாள். வேட்டியின் கீழ் மூலையில் காவி நிறத்தில் சின்னதாக ஒன்று இருந்தது. அதனிடம் நோட்டைக் கொண்டுபோனாள். துணி கருத்துத் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வெங்காயத்தோல் நிறத்தில் ஒன்று. அங்கேயும் அப்படித்தான்.

நோட்டை மூடினாள்.

"ஊருக்கு ஊரு கலர் மாறுமோ என்னவோ" என்றார் சுடலைராஜ். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் பாதித் தூக்கத்தில் இருந்தார். "நம்ம பக்கம் வெயிலு ஜாஸ்தி. பூச்சியும் கருத்துப்போயிருக்கும்லா."

"மூணும் சேந்தா அண்ணாச்சி கருக்கும்?" என்றாள் எப்சிபா.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மணி ஆறரை. மடிப்பாக்கத்தில் லிங்கேஷின் வீட்டு மொட்டைமாடி. முந்தின நாள் சாயங்காலம் சங்கரன்கோவிலில் பொதிகை ரயிலில் ஏறிய எப்சிபா ஒரு மணி நேரத்துக்கு முன்னால்தான் தாம்பரத்தில் இறங்கியிருந்தாள். அதுவரை இந்த மூன்று பேரில் யாரையும் நேரில் பார்த்ததில்லை. இரண்டரை வருடப் பழக்கம், தினமும் பேச்சு, எல்லாம் போனில். குழுவின் பெயர் 'விளக்கடி'. விளக்கு வெளிச்சத்துக்கு வருகிற அந்துப்பூச்சிகளைப் படமெடுத்துப் போட்டு, என்ன பூச்சி என்று கண்டுபிடிக்கிறவர்கள். அறுபது பேர் இருந்தார்கள். நாள் தவறாமல் பேசுகிறவர்கள் இந்த நான்கு பேர்தான்.

ரிஸானாவைக் குழுவில் எல்லோரும் மேடம் என்பார்கள். பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். முகப்புப் படத்தில் அவள் முகம் இருக்காது, ஒரு பூச்சிதான் இருக்கும். ஐம்பது வயதுக்காரி என்று எப்சிபா நினைத்திருந்தாள். தாம்பரத்தில் ஸ்கூட்டரோடு நின்ற பெண்ணிடம், "மேடம் வரலையாம்மா?" என்று கேட்டாள்.

"நான்தான்க்கா மேடம்."

வாழையிலையில் சுற்றி ஈரத்துணி போட்டுக் கொண்டுவந்த பிச்சிப்பூவைக் கொடுத்தாள். கொடுத்த பிறகுதான் அந்தப் பெண் தலையை மூடியிருப்பது உறைத்தது. ரிஸானா பூவை வாங்கி முகர்ந்து, ஸ்கூட்டர் கைப்பிடியில் சுற்றினாள். "வண்டிக்கு இன்னைக்குத்தான் கல்யாணம்" என்றாள்.

லிங்கேஷ் குழுவில் நறுக்கென்று எழுதுகிறவன். 'இல்லை. மறுபடி பாருங்கள்' என்று மட்டும் எழுதுவான். சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டர். அடுத்தவர்கள் செய்ததில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. நேரில், காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, சர்க்கரை போதுமா என்று இரண்டு தடவை கேட்டான். சுடலைராஜ் வாசுதேவநல்லூர்க்காரர். பெருங்குடியில் ஒரு கிடங்கில் இரவுக் காவல். விளக்குக் கம்பத்தின் கீழே உட்கார்ந்திருக்கிறவருக்குப் பூச்சிகள் தாமே வந்து சேர்ந்தன. வேலை முடிந்து நேராக வந்திருந்தார். காக்கிச் சட்டைக்கு மேலே கட்டம் போட்ட இன்னொரு சட்டை.

ஊர் சுற்றுவது என்று பேச்சு. ஆனால் எப்சிபா வந்தது நோட்டுக்காக.

குழு ஒரு சின்னப் புத்தகம் போடுகிறது. விளக்கடிப் பூச்சிகள், ஊர்வாரியாக. சங்கரன்கோவிலுக்கு மட்டும் நாற்பது பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த நாற்பது பக்கத்தில் நிறம் என்று வருவதெல்லாம் எப்சிபாவின் நோட்டிலிருந்து வரவேண்டும். அவளுடைய போன் பழையது. அதன் கேமராவுக்குப் பச்சையும் ஒன்றுதான், மஞ்சளும் ஒன்றுதான். அதனால் படம் போடும்போதெல்லாம் பக்கத்திலேயே எழுதுவாள்: 'மாந்துளிர், ஓரத்தில் அரக்கு.' 'மெஹந்திப் பச்சை, கீழே சந்தனம்.' ஒருநாள் ரிஸானா, எழுதுவதற்குப் பதிலாக அந்த நிறத்தில் ஒரு துண்டு துணியை ஒட்டிவைக்க முடியுமா என்று கேட்டாள். அன்றைக்குத்தான் நோட்டு தொடங்கியது. இருநூற்றுப் பன்னிரண்டு பூச்சி. ஒவ்வொன்றுக்கும் தேதி, விரல்நகம் அளவுக்குத் துணி, அதன் ஷேடு நம்பர்.

துணிக்குப் பஞ்சமில்லை. ரத வீதியிலிருந்து பிரிகிற சந்தில் அவளுடைய மேட்சிங் சென்டர் இருந்தது. சேலையைக் கொண்டுவந்தால் அதற்கேற்ற ஜாக்கெட் துணி, பாவாடைத் துணி, லைனிங். முந்நூற்று நாற்பது ஷேடு. அப்பாவின் கடை. அவர் இருக்கும்போதே இருபத்திரண்டு வயதில் உள்ளே வந்தவள், நாற்பத்துநான்கு வயதிலும் அதே மரப்பலகைக்குப் பின்னால்தான் நிற்கிறாள். சேலையை ஒரு தடவை பார்ப்பாள். நிறத்தைக் கண்ணில் எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். கை தானாக ஒரு கட்டுக்குப் போகும். பிறகு இரண்டையும் தெரு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கவேண்டும். டியூப் லைட்டை நம்பக்கூடாது. இதெல்லாம் அப்பா சொன்னவை.

பூச்சிகள் வந்தது தற்செயல். ஒரு சாயங்காலம் ஹாஃப் ஒயிட் துணிக்கட்டின்மேல் பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தது. வாடிக்கைக்காரி அலறினாள். எப்சிபா அதை விரட்டப் போனவள் நின்றுவிட்டாள். அதன் இறக்கையில் இருந்த நிறம் கடையில் இல்லை. முந்நூற்று நாற்பதில் எங்கேயும் இல்லை. அன்றிலிருந்து கடை வாசலின் டியூப் லைட்டை விடிய விடிய எரியவிட்டாள். காலையில் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் சுவரைப் பார்ப்பாள். பூச்சி உயரத்தில் இருக்கும். நிறத்தைக் கண்ணில் எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் துணியைத் தேடுவாள். வெளியே வருவதற்குள் பெரும்பாலும் பூச்சி போயிருக்கும். சேலையை வைத்துப் பார்ப்பது மாதிரி பூச்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே கிடையாது. இன்றைக்குத்தான் முதல் தடவை.

அப்பாவுக்குக் கடைசி இரண்டு வருடம் கண் மாறிவிட்டது. அவருக்கு அது தெரியவில்லை. கொடுத்த துணியெல்லாம் திரும்பி வந்தது. 'அண்ணாச்சி, இது எங்க சேலைக் கலரா?' என்று பலகையில் போட்டுவிட்டுப் போனார்கள். அவர் வாசலுக்குப் போய்ப் பார்ப்பார், சரியாகத்தானே இருக்கிறது என்பார்.

எப்சிபா இன்னொரு முறை நோட்டைத் திறக்கவில்லை. பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

ரிஸானா மூன்று பூச்சிகளையும் மூடி போட்ட சின்னக் கண்ணாடி டப்பாக்களில் தனித்தனியாக எடுத்தாள். அளந்து படமெடுத்துவிட்டுச் சாயங்காலம் இதே மாடியில் விட்டுவிடுவாளாம். ஐஸ் பாக்கெட் போட்ட சாப்பாட்டுப் பைக்குள் டப்பாக்கள் போயின. குளிர்ந்தால் தூங்கும். பையை மூடிக்கொண்டே, எப்சிபாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அச்சுக்குப் போகப் பதினெட்டு நாள் இருக்குக்கா. கலர் சரிவராதுன்னா அந்தப் பக்கங்கள்ல பேரை மட்டும் போட்டுக்கலாம். உங்க பேரும் வரும்."

"சரிம்மா."

"இல்லைன்னா அடுத்த பதிப்பு."

"சரி" என்றாள் எப்சிபா.

இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் கிண்டிக்குக் கிளம்பினார்கள். பூங்காவில் பெரிய மரங்கள் உண்டு, பகலில் பட்டையில் ஒட்டிக்கொண்டு தூங்குகிற பூச்சிகளைப் பார்க்கலாம் என்பது திட்டம். அதற்குப் பிறகு சாப்பாடு, பிறகு கடற்கரை. சுடலைராஜ் இதை ஒரு சிகரெட் அட்டையில் எழுதி வைத்திருந்தார்.

வழியிலேயே போன் வந்தது. எப்சிபாவின் கணவர் ஜெபராஜ். வாசுதேவநல்லூரில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை லீவு என்பதால் கடையை அவர் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அவருக்காக ஒரு சட்டை அட்டையின் பின்னால் விதிகளை எழுதிப் பலகையில் சாய்த்து வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"ஏட்டி, ஒரு அம்மா வந்து நிக்கா. போட்டோ அனுப்பிருக்கேன், பாத்தியா?"

"போன்ல கலர் தெரியாதுங்க. அட்டையில எழுதிருக்கேன்லா. வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்க."

"கொண்டுபோனேன். நாலு துணியும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. நாலையும் அந்தம்மா வேண்டாங்கா."

"அப்ப அஞ்சாவதை எடுங்க."

"போறதுதான் போனே, கண்ணை வச்சிட்டுப் போயிருக்கலாம்லாட்டி."

ஆட்டோவில் எல்லோருக்கும் கேட்டது. லிங்கேஷ் சிரித்தான். எப்சிபா சிரிக்கவில்லை. "வச்சிட்டேன்" என்று மட்டும் சொல்லி போனை அணைத்தாள்.

பூங்காவில் கூட்டம் சேரவில்லை. ரிஸானா மரம் மரமாகப் போய்ப் பட்டையைத் தடவிப் பார்த்தாள். ஒரு தூங்குமூஞ்சி மரத்தில் நின்று, "அக்கா, இங்க வாங்க" என்றாள். பட்டையோடு பட்டையாக ஒன்று இருந்தது. கை வைக்கும் தூரம்.

"இது என்ன கலர், சொல்லுங்க. எனக்குப் பிரவுன்னு எழுதத்தான் தெரியும்."

இரண்டரை வருடமாக அவள் கேட்டு எப்சிபா சொல்லாத நாள் இல்லை. பூச்சியைப் பார்த்தாள். ஒரு பெயர் வந்தது. அதைச் சொல்லவில்லை.

"தெரியலைம்மா. நீயே எழுதிக்கோ."

போய் பெஞ்சில் உட்கார்ந்தாள். சுடலைராஜ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கண்ணாடி எப்ப மாத்துனது?" என்று கேட்டார்.

"போன மாசிக்கு."

"எனக்குப் பத்து வருசம் ஆச்சு. ராத்திரி லாரி நம்பர் தெரியாது. சத்தத்தை வச்சு எழுதிருவேன்."

"சத்தத்தை வச்சுத் துணி கொடுக்க முடியுமா அண்ணாச்சி?"

"அதான் யோசிக்கேன்" என்றார் அவர்.

மறுபடியும் ஜெபராஜ்.

"அந்தம்மா திரும்பி வந்துட்டா. அஞ்சாவதைக் கொடுத்து அனுப்புனேன்லா, வீட்ல போய்ச் சேலையோட வச்சுப் பாத்திருக்கா. துணி கருப்பா இருக்காம். அச்சு அசல் சேலைக் கலரே வேணும்ங்கா. நீ அட்டையில 'சேலையைவிட ஒரு ஷேடு கூட எடுக்கவும்'னு எழுதிருக்கே. எழுதுனபடி எடுத்தேன். இப்ப நான் அட்டையைக் கேக்கவா, அந்தம்மாவைக் கேக்கவா?"

எத்தனையோ பேருக்குச் சொன்ன பதில்தான். யோசிக்காமலே வந்தது. "ஒரு ஷேடு கூடத்தான் எடுக்கணும்னு சொல்லுங்க. சேலையை எப்பமாச்சும் நனைப்பாங்க. ஜாக்கெட்டைப் போட்ட அன்னைக்கெல்லாம் நனைப்பாங்க. நாலு துவைப்புல வெளுத்துச் சேலைக்குச் சரியா வந்து நிக்கும். முதல்லயே சரியா எடுத்தா..."

நிறுத்தினாள்.

"ஏட்டி. இருக்கியா?"

"இருக்கேன்."

"முதல்லயே சரியா எடுத்தா என்ன?"

"அந்தம்மாவுக்கு ஒரு ஷேடு இறக்கிக் கொடுங்க. அதே தட்டுல இடதுபக்கம் இருக்கும்."

"அப்ப அட்டை?"

"அட்டை சரிதான். நான் பொறவு பேசுதேன்."

போனை மடியில் வைத்தாள். பையைத் திறந்து நோட்டை எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து பார்த்தாள். ஒவ்வொரு துண்டையும் பார்க்கப் பார்க்க, அந்தந்தக் காலையில் சுவரில் இருந்த பூச்சி கண்ணுக்குள் வந்தது. துண்டு கருத்திருந்தது. அடுத்ததும். கண் சரியாகத்தான் எடுத்திருக்கிறது. உள்ளே போய் நின்றதும் கை ஒரு கட்டுத் தள்ளிப் போயிருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக எங்கே போகுமோ அங்கே.

"அண்ணாச்சி" என்றாள். "பூச்சியை யாரும் துவைக்க மாட்டாங்கள்லா?"

சுடலைராஜ் அவளைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, வெயில் பிடிச்சிட்டா?"

அவள் எழுந்து ரிஸானாவிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். ரிஸானாவுக்கு ஜாக்கெட் துணியின் துவைப்பைப் பற்றி ஒன்றும் தெரியாததால் இரண்டு தடவை சொல்லவேண்டியிருந்தது. லிங்கேஷுக்கு ஒரே தடவையில் புரிந்தது. ஆனால் நம்பவில்லை.

"நல்லா இருக்குக்கா கேக்க. ஆனா தப்பு வந்த பிறகு காரணம் சொல்றது ஈஸி. செக் பண்ணிப் பாக்கணும்."

"பாத்துருவோம். இங்கன பக்கத்துல மேட்சிங் சென்டர் எங்க இருக்கு?"

தியாகராய நகரில் ஒரு கடை. அவளுடைய கடையைப்போல எட்டு மடங்கு. சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரைவரை துணிக்கட்டு. எப்சிபா வாசலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தாள். பலகைக்குப் பின்னால் ஐம்பது வயதுக்காரர் ஒருவர், கழுத்தில் அளவு நாடா.

"வாங்கக்கா. சேலை கொண்டுவந்திருக்கீங்களா?"

ரிஸானா சாப்பாட்டுப் பையைத் திறந்து டப்பாவை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

"இதுக்கு மேட்சிங் வேணும்" என்றாள் எப்சிபா.

அவர் குனிந்து பார்த்தார். "உசிரோடவா இருக்கு?"

"தூங்குது."

"பாவாடைக்கா ஜாக்கெட்டுக்கா?" என்று முகம் மாறாமல் கேட்டார். பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நகர்ந்து நின்றார்கள்.

"ரூபியாத் துணியில நூத்தி நாப்பத்திரண்டாம் நம்பர் பச்சை தெரியும்லா? அதுக்கு ஒரு ஷேடு கீழ" என்றாள் எப்சிபா, நோட்டில் இருந்த நம்பரைப் பார்த்து.

அவர் நிமிர்ந்தார். நம்பர் சொல்லிக் கேட்கிறவர்கள் அபூர்வம். "கடை வச்சிருக்கீங்களோ?"

"ஊருல."

"எந்த ஊரு?"

"சங்கரன்கோவில்."

"அட, அதைச் சொல்லவேண்டாமா? நான் குருவிகுளம்லா. பாண்டியராஜ். எங்க மதினி ஜாக்கெட் துணியெல்லாம் அங்கனதான் எடுப்பா, தேரடிக்குப் பக்கத்துச் சந்துல ஒரு சர்ச்காரங்க கடை..."

"அந்தக் கடைதான்."

அவர் ஏணியில் ஏறிக் கட்டை இழுத்தார். எப்சிபா துணியை விரித்துப் பார்க்காமலே, கட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். காவலுக்கு நின்றவன் கையை நீட்டி மறித்தான்.

"துணிய வெளிய கொண்டுபோகக் கூடாதும்மா."

"ஏலே விடு" என்று உள்ளேயிருந்து பாண்டியராஜ் சத்தம் போட்டார். "அவங்க வெளிச்சம் பாக்காங்க."

வெயில் நன்றாக ஏறியிருந்தது. ரிஸானா டப்பாவை நீட்டினாள். எப்சிபா துணியின் ஓரத்தைக் கண்ணாடி மேல் வைத்தாள். பச்சைப் பூச்சியின் இறக்கை எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இது ஒண்ணு" என்றான் லிங்கேஷ். "நீங்களே எடுத்து நீங்களே பாத்தீங்க. அது செல்லாது. அடுத்ததுக்கு டப்பா என்கிட்ட இருக்கட்டும். நீங்க நோட்டை மட்டும் பாத்து உள்ள சொல்லுங்க. நான் வெளிய வச்சுப் பாக்கறேன்."

"ஏம்ப்பா, பெரிய போலீஸா நீ?" என்றார் சுடலைராஜ்.

"விடுங்க அண்ணாச்சி. அவன் கேக்குறது சரிதான்."

எப்சிபா உள்ளே போய், நோட்டில் காவித் துண்டைப் பார்த்து, ஒரு ஷேடு இறக்கி நம்பர் சொன்னாள். பாண்டியராஜ் எடுத்துக் கொடுத்ததை சுடலைராஜ் வாசலுக்குக் கொண்டுபோனார். அவள் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலைப் பார்க்கவில்லை.

"ஓகே" என்ற சத்தம் வந்தது.

மூன்றாவது வெங்காயத்தோல். நம்பர் சொன்னாள். துணி போனது. இந்தத் தடவை நேரமானது. லிங்கேஷே உள்ளே வந்தான்.

"இது இல்லைக்கா. இப்பவும் வித்தியாசம் இருக்கு. சிவப்படிக்குது."

எப்சிபா நோட்டில் அந்தப் பக்கத்தின் தேதியைப் பார்த்தாள். விரலால் எதையோ எண்ணினாள்.

"ஆடித்தபசு வாரம்" என்றாள். "கோயில் திருவிழா, ஊரே கடையில நிக்கும். அந்த வாரம் காலை வெளிச்சம் பாக்க நேரமே இருந்திருக்காது. ராத்திரி கடை அடைக்கையில பூச்சியையும் டியூப் லைட்லயே பாத்து, துணியையும் டியூப் லைட்லயே எடுத்திருக்கேன். இது தப்புதான். அந்த வாரத்துல ஒம்பது இருக்கு. ஒம்பதும் தப்பு."

லிங்கேஷ் நோட்டை வாங்கித் தேதியைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"எங்க ஆபீஸ்ல இதைப் பாஸ் போட்ருவோம்" என்றான்.

"என்னது, மூணாவது தப்புன்னு இப்பத்தானே சொன்னே?" என்றார் சுடலைராஜ்.

"எது தப்புன்னு அவங்களே சொல்லிட்டாங்க இல்ல."

ரிஸானா வேறு கணக்கில் இருந்தாள். "அந்த ஒன்பதை எடுத்துடலாம். மிச்சம் அத்தனையையும் பதினெட்டு நாள்ல மாத்தி ஒட்ட முடியுமாக்கா?"

"காலையில கூட்டம் வரதுக்கு முந்தி ரெண்டு மணி நேரம் வெளிச்சம் நல்லா இருக்கும். முடியும்."

"அப்ப நாற்பது பக்கமும் இருக்கட்டும். முன்னாடி ஒரு பக்கம் நீங்க எழுதணும். எப்படிப் பாத்தீங்க, ஏன் ஒரு ஷேடு மாறிச்சு, எல்லாம். இப்படியே எழுதுங்க."

"எழுதுதேன்" என்றாள். பிறகு, "நான் எழுதினா அதுல துவைப்பெல்லாம் வரும்" என்றாள்.

"வரட்டும்."

பாண்டியராஜ் இரண்டு துணியிலும் விரல் அகலத்துக்கு வெட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். கால் மீட்டருக்குக் குறைந்து இங்கே வெட்டுவதில்லை, ஆனால் பூச்சிக்கு இது போதும் என்றார். இந்தப் பூச்சிகள் குருவிகுளத்திலும் வருமா என்று கேட்டார். லைட்டை எரியவிட்டால் வரும் என்றாள் எப்சிபா.

வெளியே வந்து தெருவில் நின்றார்கள். எதிர்க்கடை வாசலில் வரிசையாகச் சேலைகள் தொங்கின. எப்சிபா அவற்றை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வாடாமல்லி. மயில்கழுத்து. மிளகாய்ப்பழம். கிளிப்பச்சை. உதடு அசைந்தது.

"காலையில மரத்துல பாத்தோமே" என்றாள் ரிஸானா. "பிரவுன்னே எழுதிடவா?"

"காப்பிக்கொட்டை. ஓரம் மட்டும் யானைக்கலர்."

ரிஸானா போனை எடுத்து எழுதிக்கொண்டாள்.

மணி மூன்றாகியிருந்தது. பிரியாணி சாப்பிட்டார்கள். அரிசி நீளமாக இருப்பதைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார் சுடலைராஜ். எங்கள் ஊரில் பிரியாணி சாப்பிட்டவர்களிடம் இதைக் கொடுக்கக் கூடாது என்றாள் எப்சிபா. லிங்கேஷ் இரண்டாவது தட்டு வாங்கினான். கடற்கரைக்குப் போகலாமா என்ற பேச்சு வந்தபோது பூச்சிகளை விடவேண்டிய நேரம் நெருங்கியிருந்தது. ஐஸ் உருகிவிட்டது.

"கடலைப் பாக்காமலே போறியேம்மா" என்றார் சுடலைராஜ். சிகரெட் அட்டையை எடுத்துப் பார்த்தார். அதில் கடைசி வரி மிச்சமிருந்தது.

"நீங்க ஊருக்கு வரும்போது சொல்லுங்க அண்ணாச்சி. திருச்செந்தூர் போவோம்."

"மெட்ராஸுக்கு வந்தவ, திருச்செந்தூர்ல கடல் பாக்கலாம்ங்கா பாரு" என்று லிங்கேஷிடம் முறையிட்டார்.

மாடியில் இருட்டத் தொடங்கும்போது டப்பாக்களைத் திறந்து சுவர்மேல் வைத்தார்கள். காவி உடனே போய்விட்டது. வெங்காயத்தோல் சுவரில் நகர்ந்து ஒரு விரிசலுக்குள் நுழைந்தது. பச்சை மட்டும் டப்பாவின் விளிம்பில் உட்கார்ந்து இறக்கையை நடுக்கிக்கொண்டே இருந்தது. சூடேற்றுகிறது, பெரிய பூச்சிக்கு நேரமாகும் என்றாள் ரிஸானா. நான்கு பேரும் நின்றார்கள். சுடலைராஜுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் நின்றார். பிறகு அது எழும்பி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுப் பக்கம் போனது.

ரிஸானா தாம்பரத்தில் கொண்டுவந்து விட்டாள். ஸ்கூட்டர் கைப்பிடியில் பிச்சிப்பூ வாடிப்போய்ச் சுற்றியிருந்தது. அதை எடுத்துப்போடவா என்று எப்சிபா கேட்டாள். இருக்கட்டும், இன்னும் வாசனை இருக்கிறது என்றாள் ரிஸானா.

மறுநாள் ஞாயிறு. காலையில் வண்டி சங்கரன்கோவில் வந்தது. ஜெபராஜ் பைக்கோடு நின்றிருந்தார். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு ஆராதனைக்குப் போனார்கள். பிரசங்கத்தின்போது எப்சிபா இரண்டு தடவை தூங்கினாள். மத்தியானம் சோறு, கருவாட்டுக் குழம்பு. இரண்டு மணிக்குக் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி தூக்கினாள். ஜெபராஜ் கட்டுகளை இடம் மாற்றி வைத்திருந்தார். அடுக்கிச் சரிசெய்ய ஒரு மணி நேரம் ஆனது. அந்தம்மா கடைசியில் எதை வாங்கினாள் என்று போனில் கேட்டாள். ஒன்றும் வாங்கவில்லை, திங்கட்கிழமை நீ வந்ததும் வருவாள் என்றார். பலகையில் சாய்த்திருந்த அட்டையை எடுத்து, 'ஒரு ஷேடு கூட' என்ற வரிக்குப் பக்கத்தில் 'துவைக்கிற துணிக்கு மட்டும்' என்று எழுதினாள். நாற்காலியை வாசலில் போட்டு நோட்டைத் திறந்தாள். பதினான்கு துண்டுகளைப் பிரித்து, பதினான்கு ஒட்டினாள். ஆடித்தபசு வாரத்துப் பக்கங்களைக் கிளிப் போட்டுச் சேர்த்துவைத்தாள். ஐந்தேகாலுக்கு வெயில் மஞ்சளடித்தது. நிறுத்திவிட்டாள். வாசல் டியூப் லைட்டைப் போட்டுவிட்டு ஷட்டரை இறக்கினாள்.